லான் கேபிளில் 94, வைஃபையில் 170: வயர் இழுத்தது வீணா?

மேசைக்கால்:

வணக்கம். கொஞ்சம் எரிச்சலோடு ஒரு சந்தேகம்.

எங்கள் ரவுட்டர் கீழே கூடத்தில் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது மாடி அறையில். இணைய இணைப்பு 300 எம்பிபிஎஸ். மாடியில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வேகம் பார்த்தால் 150, 170 என்று வரும். ஆனால் வீடியோ அழைப்பில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நிற்பார். நான் பேசுவதும் அவர்களுக்குத் துண்டு துண்டாகத்தான் போகிறதாம். கேட்டவர்கள் எல்லாரும் "வயர் போடு, சரியாகிவிடும்" என்றார்கள். சரி என்று, இரண்டு முனையிலும் கிளிப் அடித்தே வரும் 20 மீட்டர் லான் கேபிள் ஒன்று வாங்கி, படிக்கட்டு ஓரமாக இழுத்து, அறைக்கதவின் அடியில் நுழைத்து லேப்டாப்பில் சொருகினேன்.

வேகம் 94. காலையில் பார்த்தாலும் 94, நள்ளிரவில் பார்த்தாலும் 94. வைஃபையில் வந்ததைவிடக் குறைவு! அழைப்பு முன்பைவிடப் பரவாயில்லை, ஆனாலும் சாயங்காலம் ஆனால் பழைய கதைதான்.

டிவி, பிள்ளைகளின் கேம் பெட்டி, பிரிண்டர், வாசல் கேமரா எல்லாவற்றுக்கும் வயர் இழுத்துவிடலாம் என்று இருந்தேன். இப்போது கை ஓடவில்லை. வயரைச் சுருட்டிவிட்டு வைஃபைக்கே திரும்பிவிடலாமா?

வெட்டிப்பேச்சு:

இந்தக் காலத்தில் யாரப்பா வயர் இழுக்கிறார்கள்? நல்ல வைஃபை 6 ரவுட்டராக ஒன்று மாற்றுங்கள், வேலை முடிந்தது.

செம்புக்கம்பி:

ரவுட்டரை மாற்றுவது இருக்கட்டும். அந்த 94-ஐ முதலில் பார்ப்போம். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

வைஃபை வேகம் ஏறி இறங்கும். எப்போது பார்த்தாலும் அச்சடித்ததுபோல் 94 என்று நின்றால் உங்கள் லேப்டாப்பும் ரவுட்டரும் தங்களுக்குள் 100 எம்பிபிஎஸ் என்று பேசி முடித்துவிட்டன என்று பொருள். தரவு சிறு சிறு பொட்டலங்களாகத்தான் போகும்; ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தலைப்பு, இடைவெளி என்று போகிற மேல்செலவைக் கழித்தால் 100-இல் கையில் மிஞ்சுவது 94 சொச்சம். ஜிகாபிட்டில், அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸில், பேசியிருந்தால் வயரின் உச்சம் 940 வரை போகும். உங்கள் திட்டத்துக்கு 300-ம் முழுசாக வந்திருக்கும்.

ஏன் 100-இல் நின்றது? லான் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு அதில் இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மீதி இரண்டு ஜோடியில் ஒரு கம்பி அறுந்தாலோ, கிளிப்பில் சரியாகப் பதியாவிட்டாலோ, இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதனால்தான் பலர் வருடக்கணக்கில் இப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். லேப்டாப்பின் நெட்வொர்க் அமைப்பில் 'லிங்க் ஸ்பீடு' என்ன காட்டுகிறது? ரவுட்டரின் போர்ட்கள் ஜிகாபிட்தானா? லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய், ரவுட்டரோடு வந்த குட்டை வயரில் சொருகினால் எவ்வளவு வருகிறது?

மேசைக்கால்:

பார்த்துவிட்டேன் ஐயா. லிங்க் ஸ்பீடு 100/100. ரவுட்டரின் அடியில் எல்லாப் போர்ட்டும் ஜிகாபிட் என்று எழுதியிருக்கிறது. குட்டை வயரில் 291 வந்தது!

செம்புக்கம்பி:

ஐயா எல்லாம் வேண்டாம், எனக்கு அவ்வளவு வயசாகவில்லை.

லேப்டாப்பும் நல்லது, ரவுட்டரும் நல்லது, குற்றவாளி அந்த 20 மீட்டர்தான். கதவுக்கு அடியில் நுழைத்தேன் என்றீர்களே, அங்கே போய் விரலால் தடவிப் பாருங்கள்.

நடுராத்திரி:

கேட் 8 (கேபிளின் தர எண்) கேபிள் வாங்குங்கள். என்னுடையது அதுதான், பறக்கிறது.

செம்புக்கம்பி:

வீட்டுக்குக் கேட் 8 தேவையே இல்லை. கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் தூரம் ஜிகாபிட் போகும். புதிதாகச் சுவருக்குள் பதிப்பதாக இருந்தால் கேட் 6 போடலாம். 55 மீட்டருக்குள் 10 ஜிகாபிட்கூடத் தாங்கும். இதற்கு மேல் உள்ள எண்ணுக்கெல்லாம் காசு கொடுப்பதைவிட, கம்பி சுத்தச் செம்பா என்று பாருங்கள். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசி விற்கிறார்கள். முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது சீக்கிரம் ஒடியும், மின்தடையும் அதிகம்.

மேசைக்கால்:

நீங்கள் சொன்ன இடத்திலேயே இருந்தது. கதவை மூடும் ஒவ்வொரு தடவையும் அதன் கீழ் விளிம்பு வயரின் மேல் ஏறி இறங்கியிருக்கிறது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, தடவினால் ஓர் இடம் மட்டும் பட்டையாக நசுங்கியிருந்தது. மேலுறையைக் கீறிப் பார்த்தேன். நீலக் கம்பி சுத்தமாக அறுந்திருக்கிறது. அதன் ஜோடியான வெள்ளை-நீலம் மயிரிழையில் தொங்குகிறது. மற்ற ஆறும் நன்றாகத்தான் இருக்கின்றன.

செம்புக்கம்பி:

பாடப்புத்தகத்தில் போடலாம். 100-க்கு வேண்டியது கிளிப்பில் உள்ள எட்டு முனைகளில் 1, 2, 3, 6 ஆகிய நான்குதான். அதாவது ஆரஞ்சும் பச்சையும். நீல ஜோடி 4, 5-இல் உட்காரும். நீலம் போனால் ஜிகாபிட் போச்சு, 100 மட்டும் எதுவும் நடக்காததுபோல் ஓடும்.

அறுந்த கம்பியை முறுக்கி டேப் சுற்றும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். நசுங்கிய இடத்தில் வெட்டி, புதுக் கிளிப் அடிப்பதுதான் ஒழுங்கு.

மேசைக்கால்:

கிளிப் அடிக்கும் கிரிம்பிங் கருவி பக்கத்து வீட்டில் இருந்தது. நசுங்கிய இடம் என் அறை முனையிலிருந்து 3 மீட்டரில்தான், அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டேன். ரவுட்டர் பக்கம் சுருட்டி வைத்திருந்த மிச்ச வயர் கை கொடுத்தது. நானே கிளிப் அடித்தேன். இப்போது 1000 என்று காட்டுகிறது, ஐந்து நிமிடத்தில் 100-க்கு விழுகிறது, மறுபடி 1000. இது என்ன புதுக் கூத்து?

பச்சைவிளக்கு:

கம்பிகளை எந்த வரிசையில் வைத்தீர்கள்?

மேசைக்கால்:

ஜோடி ஜோடியாகத்தான். ஆரஞ்சு இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு, பழுப்பு இரண்டு. அடுத்த முனையில் வேறு மாதிரி இருந்தது. அதையும் வெட்டிவிட்டு இதே வரிசையில் அடித்தேன். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

பச்சைவிளக்கு:

எல்லாரும் முதல் தடவை செய்யும் தப்பு, நானும் செய்திருக்கிறேன். சோதனைக் கருவியில் வைத்தால் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், ஆனால் ஒழுங்காக வேலை செய்யாது. 3-உம் 6-உம் ஒரே ஜோடியிலிருந்து வர வேண்டும். நீங்கள் வைத்ததில் 3 பச்சை ஜோடி, 6 நீல ஜோடி. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகளில் போனால்தான் வெளியிலிருந்து வரும் இரைச்சல் அடிபட்டுப் போகும். ஜோடி பிரிந்தால் பக்கத்து ஜோடியின் பேச்சு இதில் கேட்கும்.

சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கிளிப்பின் நாக்கு கீழ்ப்பக்கம் இருக்கட்டும், இடமிருந்து வலம். பச்சை ஏன் பிரிந்து நீலத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது என்று கேட்பீர்கள். நடு இரண்டு முனைகளைப் பழைய தொலைபேசி லைனுக்குப் பொருந்தும்படி விட்டதால் வந்த வினை.

இன்னொன்று. முறுக்கை நிறையப் பிரிக்காதீர்கள், ஒரு சென்டிமீட்டர் பிரித்தால் போதும். மேலுறையும் கிளிப்புக்குள் வந்து அதன் கடிக்குள் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு இழுப்பில் கையோடு வந்துவிடும்.

மேசைக்கால்:

293!! லிங்க் 1000-இல் அசையாமல் நிற்கிறது. மூன்று கிளிப் வீணானது, பரவாயில்லை. வயரைக் கதவுச் சட்டத்தின் மேல் மூலையில் துளையிட்டுக் கொண்டுவந்துவிட்டேன்.

ஆனால் சாயங்காலம் அழைப்பு இன்றும் உறைந்தது.

செம்புக்கம்பி:

எதிர்பார்த்தேன். வீடியோ அழைப்புக்கு 3, 4 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். 94-இலும் ஓடியிருக்க வேண்டும். ஆக, அழைப்பின் நோய் வேறு.

லேப்டாப்பில் இரண்டு கட்டளை ஜன்னல் திறந்து இரண்டு பிங் (சிறு செய்தி ஒன்று போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்டு ஆகிறது என்று பார்க்கும் சோதனை) ஓடவிடுங்கள். ஒன்று ரவுட்டருக்கு, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இன்னொன்று வெளியே, கூகுளின் 8.8.8.8-க்கு. உறையும் நேரத்தில் ரவுட்டருக்குப் போகும் பிங்கே குதித்தால் கோளாறு வீட்டுக்குள். அது ஒழுங்காக இருந்து வெளிப் பிங் மட்டும் குதித்தால் ரவுட்டருக்கு அந்தப் பக்கம். வயரா வைஃபையா என்று சண்டை போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை இதுதான். நிறைய பேர் கடைசியில்தான் செய்கிறார்கள், நான் உட்பட.

மேசைக்கால்:

வயரில் ரவுட்டருக்கு எப்போதும் 1 மில்லி செகண்டுக்குக் கீழே. ஒப்பிட்டுப் பார்க்க வைஃபையிலும் ஓடவிட்டேன்: 3, 4, 3, 187, 5, 4, 96, 3… வயரில் ஒரு குதிப்புகூட இல்லை.

வெளிப் பிங் பகலில் 12. சாயங்காலம் ஆறரைக்கு 400 தாண்டியது. அதே நேரத்தில் மனைவியின் ஃபோன் அன்றைய படங்களையெல்லாம் மேகக் கணக்குக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன், உடனே 12-க்கு வந்துவிட்டது. எங்கள் இணைப்பில் அப்லோடு 20 எம்பிபிஎஸ்தான்.

செம்புக்கம்பி:

கிடைத்துவிட்டது. ஏற்றும் வழி நிரம்பியதும் ரவுட்டர் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் வரிசையில் நிற்க வைக்கிறது. உங்கள் குரலும் படங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. இதற்கு வயர் மருந்தில்லை. ரவுட்டரில் எஸ்க்யூஎம் என்றோ கியூஓஎஸ் என்றோ வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி ஒன்று இருந்தால், அப்லோடு உச்சத்தை 17, 18 என்று கட்டிவிடுங்கள். வரிசை உங்கள் கட்டுப்பாட்டுக்கு வரும். அது இல்லாத ரவுட்டர் என்றால் படம் ஏற்றுவதைப் பின்னிரவுக்குத் தள்ளுங்கள்.

வெட்டிப்பேச்சு:

அப்போ வயர் இழுத்தது வீண்தானே? நான் முதலிலேயே சொன்னேன்.

செம்புக்கம்பி:

மேலே 187, 96 என்று இருக்கிறதே, அது வைஃபையின் கணக்கு. வயர் போட்டதால்தான் அது போனது. இரண்டு நோய் ஒன்றாக இருந்தன, அவ்வளவுதான்.

வைஃபை 6 நல்லதுதான், நான் எதிரியில்லை. ஆனால் காற்று ஒன்றுதான். ஒரு சேனலில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒருவர் பேச, மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். தூரத்தில் பலவீனமான சிக்னலில் இருக்கும் கருவி மெதுவாகப் பேசுவதால், கொஞ்சம் தரவுக்கே நிறைய நேரத்தைத் தின்றுவிடும். பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே சேனலில் இருந்தால் அதற்கும் வழிவிட வேண்டும். வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. வேடிக்கை என்னவென்றால், 1973-இல் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை, அதாவது இந்த லான் வயர் முறையை, யோசித்தபோது அதுவும் இப்படித்தான், ஒரே கேபிளில் எல்லாரும் முறை பார்த்துப் பேசுவது. அப்புறம் ஸ்விட்ச் என்ற, பல வயர்களை இணைக்கும் பெட்டி வந்து ஆளுக்கொரு பாதை போட்டுக் கொடுத்தது. காற்றுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நகராத கருவி ஒன்றை வயருக்கு மாற்றினால், அதற்கு மட்டுமல்ல, வைஃபையில் மிஞ்சியிருக்கும் ஃபோன்களுக்கும் லாபம்.

மேசைக்கால்:

இதை வைத்துப் பார்த்தால் டிவிக்கும் கேம் பெட்டிக்கும் வயர் போடலாம், பிரிண்டர் எப்படியும் கிடக்கட்டும்… சரியா?

பச்சைவிளக்கு:

கேம் பெட்டிக்குக் கட்டாயம் போடுங்கள். அங்கே வேகத்தைவிடக் குதிக்காத பிங்தான் முக்கியம். பிரிண்டர் நாளைக்கு நாலு பக்கம் அடிப்பது, 2.4-லேயே இருக்கட்டும். கேமரா ராத்திரி பகலாகக் காட்சியை அனுப்பிக்கொண்டே இருப்பது, ஆகவே வயர் நல்லது. ஒரே வயரில் மின்சாரமும் போகும் பிஓஈ வகை என்றால் தனியாக அடாப்டரும் வேண்டாம். மின்சார வயர் போகும் குழாயிலேயே இதையும் சேர்த்து நுழைத்துவிடாதீர்கள்.

டிவியில் ஒரு சங்கதி இருக்கிறது. நிறைய டிவிகளில் லான் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான், விலை உயர்ந்ததிலும்கூட. வயர் போட்டு 94 வந்தால் மறுபடி கேபிளைக் கிழித்துப் பார்க்க வேண்டாம். இணையத்தில் பார்க்கும் 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் போதும், ஆகவே அந்த 94 தாராளம். வீட்டுச் சர்வரில் 4கே புளூரே தரத்தில் கோப்பு வைத்துப் பார்ப்பவர் என்றால் மட்டும் சிக்கல். அது சில இடங்களில் 100-ஐத் தாண்டும். அப்போது ரவுட்டர் பக்கத்திலேயே இருக்கும் டிவிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே மேல்.

மேசைக்கால்:

அந்த அளவுக்கெல்லாம் இல்லை. கடைசியாக ஒன்று. மாடிக்கு வந்த ஒரே வயரில் லேப்டாப், கேம் பெட்டி இரண்டையும் இணைத்து, மாடி ஃபோன்களுக்கு வைஃபையும் கொடுக்க முடியுமா? பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது.

செம்புக்கம்பி:

முடியும். பழைய ரவுட்டரில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, அதன் முகவரியைப் புது ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, வயரை அதன் லான் போர்ட்டில் சொருகுங்கள், இணைய இணைப்புக்கான வான் போர்ட்டில் அல்ல. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கீழே உள்ளதே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறு. ஒரே வயரின் இரண்டு முனையையும் அதே பெட்டியில் தவறிச் சொருகிவிடாதீர்கள். ஒரு தடவை எங்கள் வீட்டில் யாரோ 'ஒழுங்குபடுத்தி' வைத்ததில் வலை முழுக்கச் சுற்றிச் சுற்றி, கூடத்து டிவி வரைக்கும் செத்துக் கிடந்தது. காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

அப்புறம், அந்தப் பழைய பெட்டியின் போர்ட் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசைக்கால்:

அடியில் திருப்பிப் பார்த்தேன். '10/100' என்று போட்டிருக்கிறது. வந்த இடத்திலேயே பரணில் வைத்துவிட்டேன். ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்றும், வைஃபை கொடுக்க, ஜிகாபிட் போர்ட் உள்ள ஆக்சஸ் பாயின்ட் ஒன்றும் வாங்கப் போகிறேன்.