பட்டணம்காத்தான் மனைகளும் நடுவே நிற்கும் சுவரும்

கேணிக்கரையான்:
"முட்டுச்சந்தில் வீடு வாங்குவதுதான் பாதுகாப்பு, ஊடுபாதை இருந்தால் கண்டவனும் நுழைவான்" என்று பாரதிநகர்வாசி நேற்று எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. இராமநாதபுரத்தை ஒட்டிய பட்டணம்காத்தானைத் தாண்டி இராமேசுவரம் நெடுஞ்சாலையை ஒட்டிப் பிரிக்கப்படும் மனைகள் பலவும் நெடுஞ்சாலைக்கு மட்டும் வாசல் வைத்து, பக்கத்து மனைப்பிரிவுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மளிகைக் கடைக்குப் போக, பள்ளிப் பிள்ளைகூட பேருந்துகள் பறக்கும் சாலையில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

பாரதிநகர்வாசி:
அந்தச் சுவர் பக்கத்து நிலத்துக்காரரின் பட்டாவில் நிற்கிறது. இது தெரியாமல் எழுத வேண்டாம்.

கேணிக்கரையான்:
சுவர் சாலையின் முனையை மறித்து நிற்கிறது. அந்தச் சாலையோ, மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வாங்கும்போதே தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்கப்படுவது. ஒரு சந்திப்பில் எத்தனை தெருக்கள் கூடுகின்றன, எத்தனை தெருக்கள் முட்டி நிற்கின்றன என்றெல்லாம் கணக்கிட்டு பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் இப்படித் துண்டுபட்ட தெருக்களைப் போடும் போக்கு 1994 வாக்கில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கத் தொடங்கிவிட்டது. அவர்கள் விட்டதை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பாரதிநகர்வாசி:
பட்டாவைக் கேட்டால் அமெரிக்காவைக் காட்டுகிறார். பாம்பன் புதிய பாலத்தைப் பற்றிப் பேசியபோதும் 1914-இல் திறந்த பழைய பாலத்தின் பெருமையைத்தான் அளந்துகொண்டிருந்தார்.

கீழக்கரைப் பேரன்:
எங்கள் ஊரில் கார் நுழையாத சந்துகூட இன்னொரு சந்தில் கொண்டுபோய் விடும். நடப்பவருக்கு அகலத்தைவிட அதுதான் முக்கியம்.

பாரதிநகர்வாசி:
தீயணைப்பு வண்டி நுழையுமா, பாய்?

கீழக்கரைப் பேரன்:
எங்கள் ஊர்ச் சந்தைக் குறை சொல்ல வருகிறவர், பெருநாளன்று பிரியாணிக்கு மட்டும் அதே சந்தில் தவறாமல் வழி கண்டுபிடித்து வருகிறார்.

கேணிக்கரையான்:
பாலத்தைப் பற்றி நான் சொன்னது சரிதான், இப்போதும் சொல்வேன். தீயணைப்பு வண்டியைப் பற்றிக் கவலைப்படுபவர் இதற்குப் பதில் சொல்லட்டும்: இருக்கும் ஒரே வாசலில் செங்கல் லாரி ஒன்று பழுதாகி நின்றுவிட்டால், உங்கள் பாதுகாப்பான முட்டுச்சந்துக்குள் எந்த வண்டி எந்த வழியாக வரும்? இரண்டாவது வழி இருக்க வேண்டிய இடத்தில்தான் சுவர் இருக்கிறது.

உச்சிப்புளி மனைக்காரர்:
நான் அங்கே இரண்டு மனை வாங்கிப் போட்டிருக்கிறேன். விலை இறங்கும்படி யாரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேணிக்கரையான்:
வழி திறந்தால் விலை ஏறும், ஐயா.

பாரதிநகர்வாசி:
திறப்பதற்கு அது அவருடைய சுவர் அல்ல. பட்டாவில் நிற்கிறது என்று மறுபடியும் சொல்கிறேன்.

கேணிக்கரையான்:
மறுபடியும் சொல்வதற்குப் பதிலாக, நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை எடுத்து இங்கே போடுங்கள்.

பாரதிநகர்வாசி:
குற்றம் சொன்னவர் நீங்கள், நீங்களே போடுங்கள்.