புதுப்பிப்பு: விழாமலேயே முறிந்த தொடை எலும்பு, காரணம் தெரிந்தது

ஒன்றரை வயசு மகளுக்கு விழாமலேயே இரண்டாம் முறை தொடை எலும்பு முறிந்ததைப் பற்றி நாலு மாசம் முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. "கண்ணோட வெள்ளை நீலம் பாய்ஞ்சிருக்கா பாருங்க" என்று ஒரு அக்கா சொன்னதுதான் வழி காட்டியது. வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன். லேசான சாம்பல் நீலம். மரபணுச் சோதனையில் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா (பரம்பரையாகவும் வரக்கூடிய, எலும்பு எளிதில் முறியும் நோய்; கண் வெள்ளை நீலமாகத் தெரிவது இதன் ஓர் அறிகுறி), முதல் வகை என்று வந்தது. (அதுவரை எங்கள் மேல் 'குழந்தையை அடிச்சீங்களா?' என்ற பார்வைதான்.) எலும்பை வலுப்படுத்தும் பாமிட்ரோனேட் மருந்தை மூன்று நாள் டிரிப்ஸில் ஏற்றினார்கள், கூடவே கால்சியம், வைட்டமின் டி. மறுநாள் ராத்திரி 102 டிகிரி காய்ச்சல், பதறிட்டோம். பெரும்பாலும் முதல் தடவை மட்டும் இப்படி வருமாம். டயபர் மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்குவதில்லை, இடுப்புக்கடியில் கை கொடுக்கிறோம். எதிர்பாராதது: டாக்டர் என் கண்ணையும் பார்த்தார். சின்ன வயசில் எனக்கும் இரண்டு தடவை கை உடைஞ்சிருக்கு. எனக்கும் ரத்தம் எடுத்திருக்காங்க.