புதுப்பிப்பு: இடுப்பு மாற்று அறுவைக்குப் பின் காரைக்குடிப் பயணம்

இடுப்பு மூட்டு மாற்றிய மூன்றாம் மாதத்தில் சென்னையிலிருந்து காரைக்குடிக்குத் தனியாகப் போகலாமா, பெட்டியை யார் தூக்குவது என்று கேட்டிருந்தேன். மருத்துவர் சம்மதித்தார், போய்ச் சேர்ந்துவிட்டேன்.

பல்லவன் ரயில். பெட்டி போர்ட்டர் தலையில், என் தோளில் சிறு பை. கெட்டித் தலையணை போட்டு, முழங்காலைவிட இடுப்பு உயர்ந்திருக்கும்படி உட்கார்ந்தேன். மணிக்கொரு தரம் எழுந்து நடந்தேன். விழுந்த டிக்கெட்டுக்குக் குனியப் போனேன். எதிர் இருக்கைப் பையன் முந்திக்கொண்டான், பிழைத்தேன்.

சோதனையெல்லாம் வீட்டில்தான். திண்ணைப்படி, நிலைவாசல், மறுபடி படி. "ஏற நல்ல கால், இறங்க அறுவைக் கால்" என்று முணுமுணுத்தபடியே போனேன். "என்ன ஆத்தா, மந்திரமா?" என்றார் ஆச்சி.

திரும்பும்போது ஒரு டின் சீப்புச்சீடை வேறு. அதைப் பார்சலில் அனுப்பச் சொல்லிவிட்டேன்.