ஓராண்டு முடியும் முன் ஏஎம் வானொலி நிலையத்தை மீட்க முடியுமா?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்): அமெரிக்காவில் என் மைத்துனர் பங்குதாரராக உள்ள சிறிய ஏஎம் நிலையம், கோபுரத்தடியில் புதைத்திருந்த செம்புக் கம்பிகள் திருடுபோனதால் 10 மாதங்களாக ஒலிக்கவில்லை. முறைப்படி அனுமதி பெற்றே நிறுத்தினார்கள். அப்படியானால் உரிமத்துக்கு ஆபத்தில்லைதானே?

பதில் (ஈரோடு): ஆபத்து இருக்கிறது, ஐயா. நிறுத்தி வைக்க அனுமதி இருந்தாலும், தொடர்ந்து 12 மாதங்கள் ஒலிபரப்பாத நிலையத்தின் உரிமம் அந்நாட்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தின் 312(ஜி) பிரிவின்படி தானாகவே காலாவதியாகிவிடும். கோபுர வேலை முடியட்டும் என்று காத்திராமல், நீளக் கம்பியொன்றைத் தற்காலிக ஆண்டெனாவாகக் கட்டி, குறைந்த திறனில் ஒலிபரப்ப, அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையத்திடம் சிறப்புத் தற்காலிக அனுமதியை உடனே கேட்கச் சொல்லுங்கள். அனுமதியில்லாத ஆண்டெனாவில் ஒலிபரப்பினால் அந்த நாட்கள் கணக்கில் சேராது.

பதில் (பொள்ளாச்சி): அந்தத் தற்காலிகக் கம்பியைக் கால் அலைநீளத்துக்குக் கட்டுவதானால், 1000 கிலோஹெர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ 75 மீட்டர், அலைவரிசை எண் குறையக் குறையக் கம்பி நீளும். நெடுநாள் பூட்டிய மோட்டார் அறையைத் திறந்தால் எலிக்கூடும் பச்சை பூத்த செம்பு முனைகளும் இருக்குமே, டிரான்ஸ்மிட்டர் அறையும் அப்படித்தான் இருக்கும். துடைத்து, ஈரம் போக உலர்த்திய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். ஒரு நாள் ஒலித்துவிட்டு மறுபடி நிறுத்தினால், உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஆணையம் அதைக் கேள்வி கேட்கக்கூடும்.

கேட்டவர்: மிக்க நன்றி. இன்றிரவே மைத்துனரை அழைத்து, முதலில் விண்ணப்பத்தை அனுப்பச் சொல்கிறேன்.