ஒரே தந்தி, இரண்டு சுருதி: காதில் நீர் கோத்தவர்களின் அனுபவங்கள்

உள்காதில் திரவம் மிகுந்து தலைசுற்றலும் காது மந்தமும் வருகிற மெனியர் நோய் என்றாலே தலைசுற்றலைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு முதலில் கெட்டது சுருதி. வயலின் வாசிக்கிறேன். சுருதி பார்க்கும் ட்யூனரில் ஏ தந்தி 440 ஹெர்ட்ஸில் அசையாமல் நிற்கிறது. ஆனால் வலது காதைப் பொத்திக்கொண்டு கேட்டால் அதே தந்தி அரை ஸ்வரம் ஏறிக் கேட்கிறது, இடதைப் பொத்தினால் சரியாக இருக்கிறது. வயலின் உட்காருவதே இடது தாடைக்குக் கீழே, அதனால் கெட்ட காதுக்குத்தான் சத்தம் முதலில் போகிறது. இரண்டு காதும் திறந்திருந்தால் சேராத இரண்டு பேர் சேர்ந்து பாடுவது மாதிரி ஒரு நெருடல். டிப்ளக்கூசிஸ் என்று இதற்கு ஒரு பெயர் இருப்பதை, காது சோதிக்கும் ஆடியோலஜிஸ்ட் சொன்னபோது அழுகையே வந்துவிட்டது. பிரமை இல்லை, நிஜம்.

*

அக்கா, எனக்கும் இதேதான், ஆனால் இறங்கிக் கேட்கும். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். உள்காதில் நத்தை ஓடு மாதிரி இருக்கும் காக்ளியாவுக்குள் சுருண்டிருக்கும் பேசிலார் சவ்வு சுமார் 35 மி.மீ. நீளம். அடிப்பக்கம் கீச்சு ஒலிக்கு, நுனி கனத்த ஒலிக்கு. எந்த இடம் அதிகம் அதிர்கிறது என்பதும் மூளைக்குச் சுருதியைச் சொல்கிறது. உள்காதுக்குள் இருக்கும் எண்டோலிம்ப் என்ற திரவம் மிகுந்து உள்ளே புடைத்தால் அந்தக் கணக்கு பிசகுகிறது. பெரும்பாலும் கனத்த ஒலிகள்தான் முதலில் அடிபடுமாம். எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று கோடாகக் காட்டும் என் ஆடியோகிராமில், கனத்த ஒலிகளான 250, 500 ஹெர்ட்ஸில் கோடு இறங்கியிருந்தது, அடுத்த முறை ஏறிவிட்டது. அதனால் காது அடைத்து இரைகிற நாளிலேயே போய் டெஸ்ட் எடுங்கள். நல்ல நாளில் போனால் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு. ஒரு காது திடீரென்று மந்தமானால் மட்டும் காத்திருக்கவே கூடாது, அன்றைக்கே ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். அது மெனியராகத்தான் இருக்கும் என்றில்லை. திடீர் செவித்திறன் இழப்பு என்றால் ஸ்டீராய்டைச் சீக்கிரம் தொடங்குவதுதான் முக்கியம்.

*

பாட்டுக் குழுவில் பாடுகிறவன் நான், எனக்கும் மெனியர்தான். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், நீர் பிரிய மாத்திரையும் உண்டு. மோசமான நாளில் நல்ல காதைப் பக்கத்தில் நிற்பவர் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். மற்ற காதில் நுரை அடைப்பான். என் குரலையே நம்ப முடியாதபோது தொண்டையில் விரல் வைத்து அதிர்வைப் பிடிக்கப் பார்த்தேன், சுருதிக்கு அது உதவவில்லை. பக்கத்துக் குரலைப் பிடித்துக்கொண்டு போவதுதான் உதவுகிறது. கூடப் பாடுகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இப்போது நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அவர்களே கேட்கிறார்கள்.