மடிப்பாக்கம் பள்ளமும் ஜிலேபிக் கெண்டையும்

எங்கள் தெருக்கோடியில் ஒரு மனை. அடுக்குமாடி கட்ட பேஸ்மென்ட்டுக்குத் தோண்டினார்கள். பங்காளிச் சண்டையோ பண முடையோ, வேலை அப்படியே நின்றுவிட்டது. ஐப்பசி மழையில் பள்ளம் குளமாகி, தை பிறந்தும் வற்றவில்லை. யார் விட்டார்களோ, உள்ளே ஜிலேபிக் கெண்டை வேறு.

அப்புறம் பசங்களைக் கேட்கவா வேண்டும்? ஃபிரிட்ஜ் பெட்டியில் வந்த தெர்மாகோலை நைலான் கயிற்றால் கட்டிப் படகு விட்டார்கள். ஒரு சனிக்கிழமை மதியம் அலறல் கேட்டு ஓடினேன். தெர்மாகோல் இரண்டாகப் பிளந்து மிதக்கிறது. எதிர்வீட்டு 8 வயதுப் பையன் தூணுக்காக விட்ட துருப்பிடித்த கம்பியைப் பிடித்தபடி கழுத்தளவுத் தண்ணீரில். பக்கத்து வீட்டில் பூச்சு வேலை செய்த மேஸ்திரி சாரத்துச் சவுக்குக் கம்பை நீட்டி இழுத்தார். பையன் உள்ளங்கையெல்லாம் ரத்தமும் துருவும். டிடி ஊசியோடு போயிற்று.

மனைக்காரருக்குப் போன் போட்டேன். “என் இடத்துக்குள்ள அத்துமீறி வந்தது உங்க பசங்க சார். போர்டு வேற வச்சிருக்கேன்” என்றார். இருந்தது உண்மைதான்: ‘இந்த இடம் விற்பனைக்கு அல்ல’.

அக்கா மகன் வக்கீல். அவனிடம் புலம்பினேன். “மாமா, இது பழைய வாதம். நூறு வருஷத்துக்கு முன்னாடியே கிளாஸ்கோவுல 7 வயசுப் பையன் பூங்காவுல செர்ரி மாதிரி இருந்த விஷப் பழத்தைத் தின்னு செத்துட்டான். சரியான வேலியும் இல்ல, எச்சரிக்கையும் இல்ல. நகராட்சி மேல வழக்கு நிக்கும்னு பிரபுக்கள் சபை, அப்போ பிரிட்டன்ல அதுதான் உச்ச நீதிமன்றம் மாதிரி, சொல்லிடுச்சு. அமெரிக்காவுல அதுக்கும் முன்னாடி, 1873-ல, ரயில் எஞ்சினைத் திருப்புற மேடையைப் பூட்டாம விட்டு, அதுல விளையாடின 6 வயசுப் பையன் கால் நசுங்கின வழக்கு. அங்க ரயில் கம்பெனி நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாச்சு. பெரியவங்க வேலி தாண்டுறது வேற, குழந்தையைக் கூப்பிடுற பொருளைத் திறந்து போடுறது வேற.”

நம்மூரில்? போர்வெல்லுக்கு உச்ச நீதிமன்றம் 2010-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டதாம்: தோண்டும்போது முள்வேலி, கைவிட்டால் அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும். இருந்தும் 2019-ல் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை போனதை நாடே டிவியில் பார்த்தது. பேஸ்மென்ட் பள்ளம் போர்வெல் இல்லைதான். குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

மாநகராட்சியின் 1913-க்கும் புகார் சொன்னேன். கடைசியில் மனைக்காரர் தகரம் அடித்தார்.

இதைப் படித்துவிட்டு கூடுவாஞ்சேரியிலிருந்து ஒருவர் எழுதியது:
நான் மனைக்காரர் கட்சி. என் மனையில் பழைய கிணறு ஒன்று. இரும்பு கிரில் போட்டேன், மூன்றாம் மாதம் அதைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டார்கள். பிறகு கான்கிரீட் ஸ்லாப். கையைக் கடித்தது. ஆனால் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன். உங்கள் ஆள் ஒரு தகரம்கூட இல்லாமல் அத்துமீறல் பேசியது அநியாயம் சார்.

மறுபடி நான்:
அந்தத் தகரத்தில் ஒன்று நேற்றுப் பார்க்கும்போது கீழ் மூலையில் மேல்நோக்கி வளைந்திருந்தது. சரியாக ஒரு பையன் நுழையும் அளவுக்கு. மனைக்காரருக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறேன், நீலக் குறி விழுந்துவிட்டது.