புதுப்பிப்பு: கிரெட்டாவா வெர்னாவா? அம்மாவை உட்கார வெச்சுப் பார்த்தாச்சு

போன மாசம், அப்பா அம்மாவோட ஊருக்குப் போய்வர ஹூண்டாய் கார்களில் உயரமான எஸ்யூவி கிரெட்டா வாங்கறதா, தாழ்வான செடான் வெர்னா வாங்கறதான்னு கேட்டிருந்தேன். ரெண்டையும் ஓட்டிப் பார்த்தாச்சு.

எஸ்யூவின்னா உள்ளே இடம் அதிகம்னு நினைச்சது தப்பு. கிரெட்டா வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்) 2610 மி.மீ., 2023-ல வந்த புது வெர்னாவுக்கு 2670. பின்சீட்டில் கால் நீட்ட வெர்னாதான். டிக்கியும் 528 லிட்டர், கிரெட்டாவில் 433.

ஆனா அம்மாவுக்கு மூட்டுவலி. வெர்னாவில் குனிஞ்சு, கிட்டத்தட்ட விழுந்துதான் உட்கார்ந்தாங்க. எழுந்திரிக்க என் கையைப் பிடிக்க வேண்டியதாச்சு. கிரெட்டா சீட் இடுப்பு உயரத்துக்கு இருக்கு, அப்படியே நகர்ந்து உட்கார்ந்துட்டாங்க. ஆறடி ஆளான எனக்கு அதோட பின்சீட்டில் தலையும் இடிக்கல. நடுவில் மூணாவது ஆள்? ரெண்டிலும் தண்டனைதான்.

கிரெட்டா புக் பண்ணியாச்சு. டிக்கி பத்தாதுன்னு வீட்டுக்காரம்மா இப்பவே முணுமுணுக்கறாங்க.